இஸ்பேட் ராஜாவின் சிட்டை

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஷயென் நகரத்துக்கும் லாரமி நகரத்துக்கும் நடுவே, புல்லும் பாறையுமான ஒரு மேட்டில், 60 அடி உயரத்துக்கு ஒரு கல் பிரமிடு நிற்கிறது. சுற்றிலும் ஊர் இல்லை, கடை இல்லை, ஒரு வாய் டீ கிடையாது. கடல் மட்டத்திலிருந்து 8,000 அடிக்கு மேலே என்பதால் பத்து எட்டு வைத்தாலே மூச்சு வாங்குகிறது. காற்று வேறு ஆளைத் தள்ளுகிறது. பிரமிடின் கிழக்குப் பக்கம் ஒரு மனிதரின் முகம், மேற்குப் பக்கம் இன்னொருவரின் முகம். இரண்டு பேருக்கும் மூக்கு உடைந்திருக்கிறது. துப்பாக்கியால் குறி பார்த்துப் பழகியவர்களின் வேலை என்கிறார்கள்.

கிழக்கே பார்ப்பவர் ஓக்ஸ் ஏம்ஸ். மேற்கே பார்ப்பவர் அவர் தம்பி ஆலிவர். வடக்குப் பக்கத்தில் இருவர் பெயரையும் பெரிய எழுத்தில் பதித்திருக்கிறார்கள், ரயிலில் போகிறவர்கள் படிக்கட்டும் என்று. ஒரு காலத்தில் தண்டவாளம் அந்தப் பக்கம்தான் இருந்தது. 1901-ல் பாதையை வேறு பக்கம் மாற்றிவிட்டார்கள். அங்கே இருந்த ஷெர்மன் என்ற சின்ன ஊரும் கொஞ்ச நாளில் காலியாகிவிட்டது. பெயர் இருக்கிறது, படிக்க வண்டி வருவதில்லை.

நான் அங்கே போய் நின்றதற்கு என் அண்ணன் மகன்தான் காரணம். அயோவா மாநிலத்தில் ஏம்ஸ் என்று ஓர் ஊர். அங்கிருக்கும் அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறான். போன இடத்தில் சும்மா இருக்க முடியாமல், "ஏம்ஸ்னா யாருடா?" என்று கேட்டேன். "யாரோ ரயில்வேக்காரராம், சித்தப்பா" என்றான். அந்த 'யாரோ' என்னை விடவில்லை. விடுமுறையில் மேற்கே போகலாம் என்று அவன் சொன்னபோது, வழியில் அந்தக் கல்லையும் பார்த்துவிடலாம் என்றேன். பத்து மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டிப் போய் ஒரு ஒடிந்த மூக்கைப் பார்த்ததற்காக அவன் இன்னும் என்னைக் கேலி செய்கிறான்.

ஏம்ஸ் முதலில் ரயில்வேக்காரர் இல்லை, ஷவல்காரர். மண் அள்ளும் ஷவல். அவருடைய அப்பா பெரிய ஆலிவர் ஏம்ஸ் கொல்லர். 1803-ல் மாசசூசெட்ஸில் ஈஸ்டன் என்ற ஊருக்கு வந்து, ஓடைத் தண்ணீரின் விசையில் சம்மட்டி ஓட்டி ஷவல் செய்ய ஆரம்பித்தார். அடுத்த ஆண்டு ஜனவரியில் ஓக்ஸ் பிறந்தார். பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அப்பாவின் பட்டறையில் கூலியாளாகச் சேர்ந்து, படிப்படியாக மேற்பார்வைக்கு வந்தார். 1844-ல் தொழில் அண்ணன் தம்பி கைக்கு மாறியது. அப்புறம் நடந்ததெல்லாம் நேரம் கூடி வந்த கதை. 1849-ல் கலிபோர்னியாவில் தங்க வேட்டை, அது அடங்குவதற்குள் ஆஸ்திரேலியாவில் தங்கம். எங்கே பார்த்தாலும் ரயில் பாதை, கால்வாய். பிறகு உள்நாட்டுப் போரில் பதுங்குகுழி தோண்டும் ராணுவம். தங்கம் கிடைத்தவனும் ஷவல் வாங்கினான், கிடைக்காதவனும் வாங்கினான். மேற்குப் பக்கத்தில் ஏம்ஸ் ஷவலைப் பணம் மாதிரி கைமாற்றிக்கொண்டார்கள் என்றுகூடச் சொல்வார்கள். ஊர் அவருக்கு வைத்த பட்டம் 'இஸ்பேட் ராஜா'. ஆங்கிலத்தில் மண் அள்ளும் கருவிக்கும் சீட்டுக்கட்டில் இருக்கும் இஸ்பேட்டுக்கும் ஒரே சொல்.

எனக்கு இந்த மனிதர் மேல் ஒட்டுதல் வந்ததற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. இருபது வயதில் மதுரையில் ஓர் இரும்புக்கடையில் கணக்கெழுதினேன். காலையில் சிட்டை, ராத்திரி பேரேடு. முதலாளிக்கு எழுத்து அதிகம் வராது. ஆனால் யார் எத்தனை மம்பட்டி கடனில் கொண்டுபோனார்கள் என்பது அவர் சட்டைப்பையில் இருந்த ஒரு துண்டு நோட்டில் இருக்கும். பென்சிலில் பெயர், தொகை, பணம் வந்துவிட்டால் குறுக்கே ஒரு கோடு. அந்த நோட்டை அவர் வேதம் மாதிரி நம்புவார். ஏம்ஸின் கதையைப் படித்துக்கொண்டே போனபோது, நடுவில் அப்படியே அந்த நோட்டு வந்து விழுந்தது. அதற்கு வருகிறேன்.

ஏம்ஸ் குடிக்க மாட்டார். ஆடம்பரம் கிடையாது. அடிமை முறைக்கு எதிரானவர். கான்சஸ் பிரதேசத்தில் அடிமை முறை நுழையக் கூடாது என்று போராடியவர்களுக்குப் பணம் கொடுத்திருக்கிறார். இந்த நல்ல பெயரோடு 1863-ல், அறுபதை நெருங்கும் வயதில், அமெரிக்கக் காங்கிரஸுக்குள் நுழைந்தார். (காங்கிரஸ் என்றால் கட்சி இல்லை, அவர்கள் நாடாளுமன்றம். கட்சி என்று பார்த்தால் அவர் ரிபப்ளிகன், லிங்கனின் ஆள்.) பத்து வருஷம் உறுப்பினராக இருந்தும் சபையில் அவர் பேசியது மிகக் குறைவு. பேசாமல் என்ன செய்தார் என்பதுதான் விஷயம்.

அப்போது நாட்டின் பெரிய கனவு, கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் ரயில் பாதை. 1862-ல் சட்டம் வந்தது. கிழக்கிலிருந்து யூனியன் பசிபிக், மேற்கிலிருந்து சென்ட்ரல் பசிபிக், நடுவில் எங்காவது சந்திக்க வேண்டும். சமவெளியில் ஒரு மைல் போட்டால் 16,000 டாலர், மலையில் 48,000, இரண்டுக்கும் நடுப்பட்ட நிலத்தில் 32,000 என்று அரசாங்கம் கடன் பத்திரம் தரும். 1864-ல் சட்டத்தைத் திருத்தி நிலத்தையும் அள்ளிக் கொடுத்தார்கள், மைலுக்கு 12,800 ஏக்கர். அது லகோட்டா, ஷயென், பாவ்னி மக்கள் வேட்டையாடித் திரிந்த நிலம். கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தக் கதையில் ஊழல் என்று பின்னால் பெரிய சத்தம் வரும். அந்தச் சத்தத்தில் இந்தப் பேச்சே எழாது.

இவ்வளவு கொடுத்தும் முதலீடு செய்ய ஆள் வரவில்லை. பாதை முடியுமா, முடிந்தாலும் அந்தப் பொட்டலில் யார் டிக்கெட் எடுப்பார்கள்? யூனியன் பசிபிக்கை நடத்திய தாமஸ் டுரான்ட்டுக்கு இது நன்றாகத் தெரியும். ரயில் ஓட்டிச் சம்பாதிக்கிறதை நம்ப முடியாது, பாதை போடுகிற காண்ட்ராக்டில் சம்பாதித்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. பென்சில்வேனியாவில் பதிவாகிச் சும்மா கிடந்த ஒரு நிதி நிறுவனத்தை வாங்கி, பிரான்சில் பிரபலமாக இருந்த ஒரு வங்கியின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். கிரெடிட் மொபிலியர். ரயில் கம்பெனி காண்ட்ராக்ட் விடும், அது சுற்றி வளைத்துக் கிரெடிட் மொபிலியர் கைக்கு வரும். இரண்டிலும் பங்குதாரர்கள் ஏறக்குறைய அதே ஆட்கள். வலது கை ரசீது எழுத இடது கை பணம் வாங்கும். நம்மூரில் இதற்குப் பினாமி என்று சொன்னால் குழந்தைக்கும் புரியும்.

முதல் காண்ட்ராக்டே போதும், ஆட்டம் எப்படி என்று காட்ட. தலைமைப் பொறியாளர் பீட்டர் டே மைலுக்கு 30,000 டாலர் போதும் என்று மதிப்புப் போட்டார். காண்ட்ராக்ட் 50,000-க்குப் போனது. எடுத்தவர் ஹாக்ஸி என்ற அயோவாக்காரர். பெயர் மட்டும்தான் அவருடையது. டே மனசு கேட்காமல் வேலையை விட்டுப் போய்விட்டார். இந்தக் கதை முழுக்கத் தேடினாலும், தப்பு என்று தெரிந்தவுடன் எழுந்து போன ஆள் என்று எனக்குக் கிடைத்தவர் இவர் ஒருவர்தான். இவருக்குப் பிரமிடு இல்லை.

ஏம்ஸ் சகோதரர்கள் 1865 வாக்கில் உள்ளே வந்தார்கள். டுரான்ட் மாதிரி ஆள் இல்லை இவர்கள். இவர்கள் பெயரைச் சொன்னால் பாஸ்டன் பணக்காரர்கள் பணத்தை எடுத்தார்கள். சொந்தப் பணத்தையும் கொட்டினார்கள், ஷவல் கம்பெனியின் பேரில் கடனும் வாங்கினார்கள். ஆலிவர் யூனியன் பசிபிக்கின் தலைவரானார். 1867 ஆகஸ்டில் 667 மைலுக்கு ஏறக்குறைய 4 கோடியே 70 லட்சம் டாலர் காண்ட்ராக்ட், ஓக்ஸ் ஏம்ஸ் பெயரிலேயே எழுதப்பட்டது. ஒரு சிட்டிங் காங்கிரஸ் உறுப்பினர், அரசாங்கம் பணம் போட்ட வேலைக்கு நேரடிக் காண்ட்ராக்டர். இன்றைக்கு நினைத்தால் தலை சுற்றுகிறது. ஆனால் பாதை நகர்ந்தது. ஐரிஷ்காரர்கள், போரிலிருந்து திரும்பியவர்கள், கடைசிப் பகுதியில் மார்மன் மதப்பிரிவினர் என்று ஆயிரக்கணக்கானவர்கள் மண் அள்ளினார்கள். 1869 மே 10 அன்று யூட்டாவில் இரண்டு பாதைகளும் சந்தித்தன. ஒமாஹாவிலிருந்து யூனியன் பசிபிக் போட்டது மட்டும் 1,086 மைல்.

சரி, அதற்கு ஒரு வருஷம் முந்தைய குளிர்காலத்துக்குப் போவோம். 1867 கடைசி, 1868 ஆரம்பம். கிரெடிட் மொபிலியர் பங்கின் முகமதிப்பு 100 டாலர், ஆனால் முதல் பெரிய டிவிடெண்டு, அதாவது பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரும் லாபம், அறிவித்தவுடன் சந்தையில் அதன் மதிப்பு பல மடங்கு. அந்த நேரம் பார்த்து வாஷ்பர்ன் என்ற உறுப்பினர், யூனியன் பசிபிக்கின் கட்டணத்தை அரசு கட்டுப்படுத்த வேண்டும் என்று சபையில் பேச ஆரம்பித்தார். ஏம்ஸ் தன் பொறுப்பில் 343 பங்குகளை வாங்கிக்கொண்டு, காங்கிரஸ் நண்பர்களிடம் 100 டாலர் விலைக்கே கொடுத்துவந்தார். கையில் பணம் இல்லையா? பரவாயில்லை, டிவிடெண்டு வரும், கழித்துக்கொள்ளலாம்.

சும்மா கொடுக்கவில்லை பாருங்கள், விற்றார். வாடிக்கையாளருக்கு விலை குறைத்து, கடன் சொல்லி, கணக்கில் எழுதி விற்றார். இரும்புக்கடை வியாபாரம் அச்சு அசலாக அதுதான். கூட்டாளியான மெக்கோம்ப் என்பவர், தனக்கும் பங்கு வர வேண்டும் என்று நச்சரித்தபோது ஏம்ஸ் பதில் கடிதங்கள் எழுதினார். நமக்கு எங்கே அதிகம் நன்மை விளையுமோ அங்கே போட்டிருக்கிறேன் என்று ஒன்றில். இந்தக் காங்கிரஸில் நமக்கு இன்னும் நண்பர்கள் வேண்டும், சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால் நம் பக்க நியாயம் தெரிந்துவிடும், ஆனால் தனக்கு அதில் ஏதாவது பங்கு இருந்தால் ஒழிய ஒருவனும் புரட்ட மாட்டேன் என்கிறான் என்று இன்னொன்றில். லஞ்சத்தைப் பற்றி இவ்வளவு பச்சையாக, இவ்வளவு கள்ளமில்லாமல் எழுதிய கடிதத்தை நான் படித்ததில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

மெக்கோம்புக்குப் பங்கு கிடைக்கவில்லை. வழக்குப் போட்டார். கடிதங்கள் வழக்குக் கட்டுக்குள் போயின. 1872 செப்டம்பர் 4 அன்று நியூயார்க்கின் 'சன்' பத்திரிகை அவற்றை வெளியிட்டது. தலைப்பு: மோசடிகளின் ராஜா. இஸ்பேட் ராஜாவுக்கு இரண்டாவது பட்டம். அது ஜனாதிபதி தேர்தல் காலம். பெயர் அடிபட்டவர்களில் பலர் அப்படி ஒரு பங்கே வாங்கவில்லை என்று சத்தியம் செய்யாத குறை. டிசம்பரில் சபை ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. தலைவர் வெர்மான்ட்டின் லூக் போலந்து.

ஏம்ஸ் முதலில் பட்டும் படாமலும்தான் சாட்சி சொன்னார், நண்பர்களைக் காட்டிக்கொடுக்க மனசில்லாத மாதிரி. ஆனால் அந்த நண்பர்கள் ஒவ்வொருவராக வந்து எனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லச் சொல்ல, பழியெல்லாம் தன் தலையில் விழுவதைப் பார்த்தார். அப்போதுதான் அந்த நோட்டு வெளியே வந்தது. பெயர், பங்கு, தொகை, தேதி.

அதிலிருந்து ஒரு கணக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், தொழில் பழக்கம் விடவில்லை. பெயர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு, ஒஹாயோ உறுப்பினர். 10 பங்கு, 1,000 டாலர். ஏழு மாதம் பத்து நாளுக்கு வட்டி 43.36. ஆக 1,043.36. வரவு: 80 சதவீதம் பத்திர டிவிடெண்டு, அதாவது 800 டாலர் பத்திரம், நூற்றுக்கு 97 விலையில் 776. பாக்கி 267.36. ஜூன் 20 வரை அதற்கு வட்டி 3.64. நிகரப் பாக்கி 271. பிறகு 60 சதவீதம் ரொக்க டிவிடெண்டு, 600. அதில் 271-ஐக் கழித்தால் 329. அந்த 329 டாலர் கார்ஃபீல்டுக்குப் போயிற்று என்று குழு முடிவு செய்தது. அவர் கையிலிருந்து ஒரு காசு போகவில்லை. கார்ஃபீல்டு சொன்னது வேறு: நான் பங்கு வாங்கவே இல்லை, ஏம்ஸிடம் 300 டாலர் கைமாற்று வாங்கினேன், திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வட்டியைச் சென்ட் வரை போட்டிருக்கிறார், கவனியுங்கள். லஞ்சம் கொடுக்கிறவன் ஏழு மாதம் பத்து நாளுக்கு வட்டி கணக்குப் பார்ப்பானா? பார்ப்பார், அவர் ஷவல் விற்றவர்.

துணை ஜனாதிபதி ஷய்லர் கோல்ஃபாக்ஸின் கதை இன்னும் பரிதாபம். 1868 ஜூனில் 'எஸ்.சி.' என்ற எழுத்துகளுக்கு 1,200 டாலர் செக் எழுதியதாக ஏம்ஸ் சொன்னார். இல்லவே இல்லை என்றார் கோல்ஃபாக்ஸ். குழு வங்கிக் கணக்கைப் பார்த்தது. அதே மாதம், செக் எழுதிய ஓரிரு நாளில், கோல்ஃபாக்ஸ் கணக்கில் 1,200 டாலர் ரொக்கம் ஏறியிருந்தது. அதற்கு அவர் ஒரு விளக்கம் கொடுத்தார்: 1,000 டாலர் நோட்டு ஒன்றை ஒரு காகித உறை காண்ட்ராக்டர் கடிதத்தில் வைத்து அனுப்பினார், 200 டாலர் என் மாற்றாந்தகப்பன் கொடுத்தார். அந்தக் காண்ட்ராக்டர் அதற்குள் இறந்துபோயிருந்தார். ஊரே சிரித்தது. அவர் அரசியல் அத்தோடு முடிந்தது.

1873 பிப்ரவரியில் குழு அறிக்கை கொடுத்தது. லஞ்சம் கொடுக்கும் நோக்கத்தோடு பங்கு கொடுத்தார், ஆகவே ஏம்ஸ் குற்றவாளி. வாங்கியவர்கள்? அவர் நோக்கம் அவர்களுக்குத் தெரியாது, ஆகவே குற்றமில்லை. இதை எத்தனை தடவை படித்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. கொடுத்த கை லஞ்சக் கை, வாங்கிய கை வெறும் கை. ஏம்ஸையும், தன் மருமகன் பெயரில் பங்கு வாங்கிய நியூயார்க் ஜனநாயகக் கட்சிக்காரர் ஜேம்ஸ் புரூக்ஸையும் மட்டும் சபையிலிருந்து வெளியேற்றச் சிபாரிசு செய்தார்கள். வெளியேற்ற மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், அது கிடைக்காது என்று தெரிந்து கண்டனமாகக் குறைத்தார்கள். பிப்ரவரி 27 அன்று 182-க்கு 36 ஓட்டில் ஏம்ஸ் மேல் கண்டனத் தீர்மானம் நிறைவேறியது. 1872 தேர்தலில் அவர் நிற்கவே இல்லை. பதவிக்காலம் முடிய இன்னும் நாலு நாள்தான் இருந்தது.

அவருடைய வாதம் நேரானது. உரோமத்துக்கு வரி போடும் சட்டம் வரும்போது ஓர் உறுப்பினர் ஆடு வைத்திருக்கக் கூடாதா? ஆடு வைத்திருக்கலாம் என்றால் ரயில்வே பங்கு ஏன் வைத்திருக்கக் கூடாது? கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அவர் ஆட்டைச் சந்தையில் விற்கவில்லை. சட்டம் போடுகிறவர்களைத் தேடிப் போய், பாதி விலைக்கும் கீழே, கடனுக்குக் கட்டிவிட்டார். எதற்கு என்று கடிதத்தில் தானே எழுதியும் வைத்தார். அவரை உத்தமர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'பலிகடா' என்று அவர் குடும்பத்தார் சொல்லிவந்தது பாதி உண்மைதான். கடா குற்றமில்லாதது, இவர் அப்படியில்லை. பெரிய சுரண்டல் பங்கு விநியோகத்தில்கூட இல்லை, மைலுக்கு 50,000 என்று போட்ட முதல் காண்ட்ராக்டிலேயே இருந்தது. அதை விசாரிக்க வேறொரு குழு போட்டார்கள். அந்த அறிக்கையை யாரும் சுவாரசியமாகப் படிக்கவில்லை.

ஆனால் இந்த அத்தனை பேரிலும் கணக்கை ஒழுங்காக எழுதி வைத்தவர் அவர் ஒருவர்தான். அந்த வீட்டிலேயே எழுதும் பழக்கம் இருந்திருக்க வேண்டும். அவர் மனைவி எவலினா 1850-களின் தொடக்கத்தில் எழுதிய நாட்குறிப்பு இன்றைக்கும் இருக்கிறது. தையல், துவையல், மாமனார் வீட்டுச் சமாச்சாரம் என்று ஒரு நாளின் வரவு செலவு மாதிரி இருக்கும்.

பணத்திலாவது ஜெயித்தாரா என்றால் அதுவும் முழுசாக இல்லை. யூனியன் பசிபிக்குக்காக வாங்கிய கடன் கழுத்தை நெரிக்க, 1870-ல் ஷவல் கம்பெனியே கடன்காரர்களிடம் அவகாசம் கேட்க வேண்டியதாயிற்று. கண்டனத்துக்குப் பிறகு ஊர் திரும்பினார். ஈஸ்டன்காரர்கள் வரவேற்புக் கொடுத்தார்கள். புரூக்ஸ் ஏப்ரல் 30 அன்று இறந்தார். மே 8 அன்று ஏம்ஸ், பக்கவாதம். கண்டனத்திலிருந்து சரியாக எழுபது நாள். வயது 69.

பிள்ளைகள் விடவில்லை. ஊரில் அப்பா பெயரில் ஒரு மண்டபம், கட்டியவர் அந்தக் காலத்தின் பெரிய கட்டடக்கலைஞர் ரிச்சர்ட்சன். வயோமிங் பிரமிடும் அவர் வேலைதான், 1882-ல் முடிந்தது. மூக்கு உடைந்த அந்த முகங்களைச் செய்தவர் செயின்ட் காடன்ஸ். 1883-ல் மாசசூசெட்ஸ் சட்டசபை ஏம்ஸ் மேல் குற்றமில்லை என்று தீர்மானம் போட்டது. நாலு வருஷம் கழித்து மகன் ஆலிவர் அந்த மாநிலத்துக்கே கவர்னரானார். ஈஸ்டனில் ஒரு கல்லூரியில் ஏம்ஸ் கம்பெனியின் ஷவல்களை நூற்றுக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நான் இன்னும் பார்க்கவில்லை. அடுத்த தடவை அங்கேதான் போக வேண்டும், மருமகப் பிள்ளைகள் யாராவது பாஸ்டனில் வேலைக்குப் போகட்டும்.

கார்ஃபீல்டு என்ன ஆனார்? 1880-ல் ஜனாதிபதி தேர்தலில் நின்றார். எதிராளிகள் ஊர் ஊராகச் சுவரிலும் நடைபாதையிலும் 329 என்று எழுதி வைத்தார்கள். விளக்கம் ஒன்றும் கிடையாது, வெறும் எண். பார்த்தவர்களுக்குப் புரிந்தது. கார்ஃபீல்டு ஜெயித்தார்.

பிரமிடிலிருந்து திரும்பி 80-ஆம் எண் நெடுஞ்சாலைக்கு வந்தோம். ஏறுகிற இடத்தில் பச்சைப் பலகை. அமெரிக்காவில் பல மாநிலங்களில் போல வயோமிங்கிலும் வெளிவழிகளுக்கு மைல் கணக்கில்தான் எண் கொடுக்கிறார்கள், மேற்கு எல்லையிலிருந்து எத்தனையாவது மைலோ அதுதான் எண். "டேய், வண்டியை ஓரம் கட்டு" என்றேன். "இங்கெல்லாம் நிறுத்தக் கூடாது, சித்தப்பா" என்றான். ஓடுகிற வண்டியிலிருந்தே போனில் ஒரு படம் எடுத்தேன். கொஞ்சம் ஆடிப் போயிருக்கிறது, ஆனால் எண் தெரிகிறது. 329.